ஒரு கத்தரிச் செடியின் வேர் கற்பித்த பாடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், எங்கள் பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பழைய கத்தரிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவம் கத்தரி சரியாகக் காய்க்கவில்லை. வெயில் ஏறினால் இலைகள் துவளும், மாலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்றே நினைத்திருந்தோம். ஒரு செடியைப் பிடுங்கியபோது அதன் வேர் முழுவதும் சிறிதும் பெரிதுமாக முடிச்சுகள் இருந்தன.

“சார், வேர் முடிச்சு!” என்று ஒரு மாணவன் கத்தினான்.

முந்தைய மாதம்தான் ரைசோபியம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். படித்ததை மாணவன் நேரில் கண்டுபிடித்துவிட்டான் என்ற மகிழ்ச்சியில் எல்லாரையும் அழைத்து, “பாருங்க, காற்றில் இருக்கிற நைட்ரஜனை நிலைநிறுத்துற பாக்டீரியா இதுக்குள்ளதான் இருக்கு” என்று விளக்கினேன். ஒரு மாணவி மட்டும் வேரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், அது பயறு வகைச் செடிக்குத்தான் வரும்னு சொன்னீங்க. இது கத்தரி சார்.”

“சில நேரம் மத்த செடியிலயும் வரும்மா” என்றேன். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை.

நல்ல பாக்டீரியா உள்ள வேர்களை வீணாக்கக் கூடாது என்று சொல்லி, அவற்றை நறுக்கி உரக்குழியில் போட வைத்தேன். அடுத்த பருவத்தில் அந்த உரத்தை எல்லாப் பாத்திகளுக்கும் இட்டோம். தக்காளி குன்றியது. வெண்டை முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. சத்துணவுக் கூடத்திற்கு வாரம் இரண்டு நாள் காய் கொடுத்துவந்த தோட்டத்தில் அந்தப் பருவம் ஒரு கூடை காய்கூடத் தேறவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு வந்த அந்த மாணவியின் தந்தை தோட்டத்தைப் பார்த்தார். ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். “இது நூற்புழு சார். போன தடவை பிடுங்கின வேரை எங்க போட்டீங்க?” “உரக்குழியில” என்றேன். “அதான் எல்லாப் பாத்தியிலயும் பரவியிருக்கு” என்றார். குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குக் கூடுதலாக உறைத்தது.

ஒரு சொல்லும் என்னை ஏமாற்றியிருந்தது. வகுப்பறையில் ‘வேர் முடிச்சு’ என்றால் நமக்கு ரைசோபியம் நினைவுக்கு வருகிறது. தோட்டப் பயிர் செய்பவர்களிடம் அதே சொல் ஒரு நோயின் பெயர். அன்றிலிருந்து நூற்புழுக்களைப் பற்றி, கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். இந்தத் துறையை வளர்த்தவர்களின் கதையில் என்னுடையதைப் போன்ற தவறுகள் நிறைய இருந்தன. அவை எப்படித் திருந்தின என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நூற்புழு: ஓர் அறிமுகம்

ஒன்பதாம் வகுப்பு ‘விலங்குலகம்’ பாடத்தில் உருளைப்புழுக்களைச் சில வரிகளில் கடந்துவிடுகிறோம். அஸ்காரிஸ், வுச்சரேரியா என்று இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வோம். நூல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து நெமடோடா என்ற பெயர் வந்தது. நூற்புழு என்ற தமிழ்ச் சொல்லும் அதே பொருளைத் தருகிறது.

இவற்றின் உடல் மண்புழுவைப் போலக் கண்டங்களாகப் பிரிந்திருக்காது. மண்ணில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் கொண்டவை. உடல் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுபுறம், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் நச்சுக்கொடியில் வாழும் ஓர் இனம் 8 மீட்டர் வரை வளர்கிறது. உலகின் மேல்மண்ணில் வாழும் நூற்புழுக்களின் எண்ணிக்கையை 4.4 × 10²⁰ என்று 2019-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நிலத்தில் வாழும் விலங்குகளை எண்ணினால் ஐந்தில் நான்கு நூற்புழுவாக இருக்கும் என்பதே இதன் பொருள்.

இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, மண்ணில் சத்துகளின் சுழற்சிக்கு உதவுகின்றன. ஒரு பகுதி மட்டுமே பயிர்களிலும் விலங்குகளிலும் மனிதரிலும் ஒட்டுண்ணியாக வாழ்கிறது.

கருத்த கோதுமையில் அசைந்த இழைகள்

பயிரில் நூற்புழு இருப்பதை முதலில் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஜான் டர்பர்வில் நீடம். 1743-இல் நோயுற்றுச் சுருங்கிக் கருத்த கோதுமை மணி ஒன்றை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே வெண்மையான இழைகள் காய்ந்து கட்டாகக் கிடந்தன. அவற்றைப் பிரிக்க ஒரு துளி நீர் விட்டார். சிறிது நேரத்தில் இழைகள் நெளியத் தொடங்கின. நார் என்று நினைத்தவை உயிருள்ள புழுக்களாக இருந்தன. இன்று அந்த நூற்புழுவை அங்குவினா டிரிட்டிசி என்கிறோம். காய்ந்த மணிக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் எழும் திறன் அதற்கு உண்டு.

நீடம் என்ற பெயரை நாம் வேறொரு பாடத்திலும் சந்தித்திருப்போம். 1748-இல் ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கி மூடிவைத்து, அதில் நுண்ணுயிர்கள் தானாகவே தோன்றின என்று சொன்னவர் அவர்தான். சாற்றைப் போதிய அளவு கொதிக்க வைக்காததே காரணம் என்று பின்னர் ஸ்பல்லன்சானி காட்டினார். கோதுமைப் புழுவைச் சரியாகக் கண்ட அதே கண் இறைச்சிச் சாற்றில் தவறியது. இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துச் சொன்னால், விஞ்ஞானி என்பவர் எப்போதும் சரியாகச் சொல்பவர் என்ற எண்ணம் மாணவர்களிடமிருந்து விலகும்.

வெள்ளரியின் வேர், பீட்ரூட் வயல்

என் கத்தரியில் இருந்தது போன்ற முடிச்சை முதலில் ஆராய்ந்து எழுதியவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. இவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார். பூஞ்சை ஆய்வில் புகழ்பெற்றவர். அயர்லாந்தில் பெரும் பஞ்சத்திற்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று வாதிட்டவர். 1855-இல் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் முடிச்சு விழுந்த வேர்கள் அவரிடம் வந்தன. பூஞ்சையிலேயே வாழ்ந்தவர் அதையும் பூஞ்சை என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர் முடிச்சை அறுத்துப் பார்த்தார். உள்ளே நூற்புழுக்களைக் கண்டார். நான் செய்யத் தவறியது இந்த ஒரு செயலைத்தான். என்னிடம் பிளேடும் இருந்தது, உருப்பெருக்குக் கண்ணாடியும் இருந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் சர்க்கரைப் பீட்ரூட் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. சர்க்கரை ஆலைகளை அண்டியிருந்த உழவர்கள் ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் பீட்ரூட் பயிரிட்டுவந்தனர். ‘மண் களைத்துவிட்டது’ என்றனர் மக்கள். பயிருக்கு வேண்டிய கனிமச் சத்துகளைப் பற்றி வேதியியலாளர் லீபிக் சொன்ன கருத்துகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. எனவே மண்ணில் சத்து தீர்ந்துவிட்டது என்று பலரும் நம்பி உரமிட்டனர். பயனில்லை. ஆலைகள் மூடப்பட்டன.

1859-இல் ஹெர்மன் ஷாக்ட் என்ற தாவரவியலாளர் பீட்ரூட் வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்ணிற உருண்டைகளைக் கண்டார். அவை பெண் நூற்புழுக்கள். 1871-இல் ஷ்மிட் என்பவர் ஷாக்ட்டின் நினைவாக அந்தப் புழுவுக்கு ஹெட்டிரோடெரா ஷாக்டீ என்று பெயரிட்டார். யூலியஸ் கியூன் என்ற வேளாண் அறிஞர், மண்ணின் ‘களைப்பு’க்கு இந்தப் புழுவே காரணம் என்று நிறுவினார். புழுக்களை வேருக்குள் ஈர்க்கும் பயிரை விதைத்து, அவை இனப்பெருக்கம் செய்யும் முன் அந்தப் பயிரை அழிக்கும் ‘பொறிப்பயிர்’ முறையையும் அவர் முயன்றார்.

வாடும் செடியைக் கண்டு நான் ‘தண்ணீர் போதவில்லை’ என்றேன். ஜெர்மானியர் ‘சத்து போதவில்லை’ என்றனர். செடி மண்ணுக்கு மேலே காட்டிய அறிகுறியை மட்டும் வைத்து எல்லாருமே முடிவுக்கு வந்திருந்தோம்.

நம் மலைகளில்

இந்தியாவில் பயிர் நூற்புழுவைப் பற்றிய முதல் பதிவு நம் மாநிலத்தைச் சேர்ந்தது. 1901-இல் நீலகிரியின் தேவாலா தேயிலைத் தோட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழுவைப் பதிவு செய்தவர் சி. ஏ. பார்பர். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கி வளர்த்தவரும் இவரே.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1961-இல், இங்கிலாந்தைச் சேர்ந்த எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் உதகமண்டலம் பகுதியின் உருளைக்கிழங்கு வயல்களில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டார். பெண் புழு இறந்ததும் அதன் உடலே கடினமான கூடாகி முட்டைகளைக் காக்கும். அந்தக் கூடு பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். கிழங்கோடு ஒட்டிய மண்ணின் வழியே அது பிற ஊர்களுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, நீலகிரி விதைக் கிழங்கை வெளியே கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. நான் ஒரு பாத்தியின் வேர்களை உரக்குழி வழியாக ஆறு பாத்திகளுக்குக் கொண்டு சென்றவன் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டின் தேவையை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்று கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இயங்குகிறது.

துறைக்குப் பெயர் வைத்த பள்ளி ஆசிரியர்

நூற்புழுவியல் என்ற துறைக்கு 1914-இல் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான நேதன் அகஸ்டஸ் காப் (1859–1932). அவர் முதலில் பள்ளி ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, குடும்பத்தோடு ஜெர்மனிக்குச் சென்று ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின் ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் பணியாற்றி, அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார். தேவையான கருவிகளைத் தாமே வடிவமைத்தார். புழுக்களின் உடலமைப்பை நுட்பமாக வரைந்தார்.

அதுவரை மருத்துவர்கள் குடற்புழுவையும், தாவரவியலாளர்கள் வேர்ப்புழுவையும், விலங்கியலாளர்கள் கடல்புழுவையும் தனித்தனியே பார்த்துவந்தனர். எல்லாவற்றையும் ஒரே துறையாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார் காப். இதை விளக்க அவர் ஒரு கற்பனையைப் பயன்படுத்தினார். நூற்புழுக்களைத் தவிர உலகில் உள்ள எல்லாமே மறைந்துவிட்டாலும், எங்கெங்கும் நிறைந்துள்ள அந்தப் புழுக்களின் மெல்லிய படலத்தை வைத்தே மலைகளும் ஆறுகளும் ஊர்களும் இருந்த இடங்களை அடையாளம் காணலாம் என்பது அதன் சாரம். கடினமான ஒன்றை மனக்கண் முன் நிறுத்தும் ஆசிரியரின் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை.

கையில் சிந்திய ஒரு துளி

பயிரிலிருந்து நம் மாணவர்களின் உடலுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை வழங்குகிறோம். “கையைக் கழுவிட்டுச் சாப்பிட்டா புழு வராது” என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். அது பாதி உண்மைதான். அஸ்காரிஸ் முட்டை வாய் வழியே வருகிறது. கொக்கிப்புழுவின் வழி வேறு.

1838-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி என்ற மருத்துவர், இறந்துபோன ஓர் உழவர் குடும்பத்துப் பெண்ணின் குடலில் இந்தப் புழுவைக் கண்டார். அது நோய் தரும் என்பது உடனே தெளிவாகவில்லை. 1880 வாக்கில் சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் மலைச் சுரங்கப் பாதை தோண்டிய தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளிறிச் சோர்ந்தனர். எடோர்டோ பெரோன்சிட்டோ முதலிய இத்தாலிய அறிஞர்கள் அவர்களிடம் கொக்கிப்புழுவைக் கண்டனர். குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழுவே சோகைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. ஆனால் புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது? குடிநீரிலும் அழுக்குக் கையிலும் வாய் வழியே போகிறது என்றே எல்லாரும் எண்ணினர்.

கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானியர் ஆர்தர் லூஸ் என்பவரும் அப்படித்தான் நினைத்தார். சோதனை விலங்குகளுக்கு வாய் வழியே இளம்புழுக்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, புழுக்கள் இருந்த நீரில் ஒரு துளி அவர் கையில் சிந்தியது. சிறிது நேரத்தில் அந்த இடம் சிவந்து அரித்தது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் தோலின் மேல் எஞ்சியதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். புழுக்களைக் காணவில்லை; அவை கழற்றிவிட்ட உறைகளே பெரும்பாலும் இருந்தன. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. இளம்புழு தோலைத் துளைத்து நுழைகிறது என்று 1898-இல் அவர் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. மேலும் பல ஆண்டுகள் உழைத்து, தோலிலிருந்து இரத்தம், நுரையீரல், மூச்சுக்குழல், தொண்டை வழியாகக் குடலுக்குப் போகும் பாதை முழுவதையும் காட்டினார்.

திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து ஈர மண்ணுக்கு வரும் முட்டை, ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். இந்தப் புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து வந்ததே. எனவே மாத்திரையால் உள்ளிருப்பவை நீங்கினாலும், செருப்பும் கழிப்பறையும் இல்லாவிட்டால் புதியவை வந்து சேரும். மண்வழிப் பரவும் குடற்புழுக்களால் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வகுப்பில் வெளிறிய முகத்தோடு தலை சாய்க்கும் குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லும் முன், அதன் கால்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் தவறைத் திருத்திய மாணவர்

யானைக்கால் நோயின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் மேன்சன், 1877-இல் ஒரு சோதனை செய்தார். இரத்தத்தில் யானைக்கால் நூற்புழுவின் இளம்புழுக்கள் இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, பின் அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடலில் இளம்புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மனித நோய்க்குக் காரணமான ஓர் உயிரி பூச்சிக்குள் வளர்கிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு. மலேரியா ஆய்வில் ரொனால்ட் ராஸுக்கு வழிகாட்டியதும் மேன்சனின் சிந்தனையே.

ஆனால் அவர் ஒன்றில் தவறினார். கொசு சில நாள்களே வாழும், முட்டையிட்டபின் நீரில் விழுந்து இறக்கும் என்று நம்பினார். எனவே, புழு அந்த நீரின் வழியாக மனிதருக்குள் செல்கிறது என்றார். பல ஆண்டுகள் இதுவே பாடமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் தாமஸ் பான்கிராஃப்ட் கொசுக்களை நீண்ட நாள் உயிரோடு வைத்துக் காட்டினார். அவர் பதப்படுத்தி அனுப்பிய கொசுக்கள் லண்டனை அடைந்தன. 1900-இல் அவற்றை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்த ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, கொசுவின் உறிஞ்சுகுழலில் புழுக்களைக் கண்டார். அப்படியானால் புழு பரவுவது கொசு கடிக்கும்போதுதான். லோ, மேன்சனின் மாணவர். அந்த ஆய்வு நடந்ததும் மேன்சன் முயன்று தொடங்கிய மருத்துவப் பள்ளியில்தான். தம் கருத்தைக் கவிழ்க்கும் ஆய்வுக்குத் தம் மேசையிலேயே இடம் கொடுத்தவர் என்ற வகையில் மேன்சனை நான் இன்னும் மதிக்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் புழுவும் நோபல் பரிசும்

நோய் தராத ஒரு மண் நூற்புழு இன்று உயிரியலின் செல்லப்பிள்ளையாக உள்ளது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அதை 1900-இல் அல்ஜியர்ஸில் நூலகராக இருந்த எமில் மோபா விவரித்தார். 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் அதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். நீளம் ஒரு மில்லிமீட்டர். மூன்று நாளில் ஒரு தலைமுறை. ஒளி ஊடுருவும் உடல். ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து, ஒரு கருமுட்டையிலிருந்து இருபால் புழுவின் 959 உடற்செல்களும் எப்படி உருவாகின்றன என்ற வரிசையைத் தம் குழுவினருடன் முழுமையாக வரைந்தார். அவற்றில் நரம்புச் செல்கள் 302. வளர்ச்சியின்போது 131 செல்கள் திட்டமிட்டபடி மடிகின்றன. 2002-இல் பிரென்னர், சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விக்டர் ஆம்புரோஸும் கேரி ருவ்குனும் 1993-இல் இதே புழுவில் நுண் ஆர்.என்.ஏ. ஒன்றைப் பற்றி வெளியிட்டபோது, அது இந்தப் புழுவின் தனி விநோதம் என்றே பலர் கருதினர். 2000-இல் அதைப் போன்ற வேறொன்று மனிதன் உட்படப் பல விலங்குகளில் இருப்பது தெரிந்தது. 2024-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. இரண்டு வேர்களை ஒப்பிடுதல்: ஒரு தட்டைப்பயறுச் செடி, முடிச்சு விழுந்த ஒரு கத்தரி அல்லது வெண்டைச் செடி போதும். ரைசோபியம் முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் நெருடினால் உதிரும், வேர் முறியாது. அறுத்தால், செயல்படும் முண்டின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கியது. பிரித்தெடுக்க முயன்றால் வேர் முறியும். அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் முத்துப் போன்ற வெண்ணிறப் பெண் புழுக்கள் தெரியலாம். பயறுச் செடியில் இரண்டுமே இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பெயரைச் சொல்லும் முன் அறுத்துப் பார்க்கப் பழக்குவோம்.

2. பேர்மான் புனல்: ஒரு புனலின் காம்பில் சிறிய ரப்பர் குழாயை மாட்டி, நுனியைக் கிளிப்பால் அடையுங்கள். புனலின் வாயில் தேநீர் வடிகட்டியை வைத்து, அதில் மெல்லிய துணி விரித்து ஒரு கைப்பிடித் தோட்ட மண்ணை இடுங்கள். மண்ணின் அடிப்பகுதி நனையும்வரை புனலில் நீர் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். புழுக்கள் நெளிந்து துணியைக் கடந்து நீருக்குள் வந்து அடியில் சேரும். கிளிப்பைத் திறந்து முதல் சில துளிகளைக் கண்ணாடி வில்லையில் எடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். நூற்புழுவுக்கு நீளவாக்குத் தசைகள் மட்டுமே உண்டு. வட்டத் தசைகள் இல்லை. அதனால் மண்புழுவைப் போல நீண்டு சுருங்க முடியாமல், வளைந்து வளைந்து நெளியும். இந்த முறையை 1917-இல் வெளியிட்ட பேர்மான், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய மருத்துவர். மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுவைத் தேட அவர் அமைத்த புனல், இன்று வேளாண் ஆய்வகங்களில் பயிர்ப்புழுவைத் தேடவும் உதவுகிறது.

மண்ணைத் தோட்டத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். கையுறையும் செருப்பும் அணிந்து செய்வதும், முடிந்தபின் சோப்பால் கை கழுவுவதும் கட்டாயம்.

3. முதலில் என்ன நினைத்தார்?: ஒவ்வொரு விஞ்ஞானியைப் பற்றிப் படிக்கும்போதும், அவர் முதலில் என்ன நினைத்தார், எதைப் பார்த்து மாற்றிக்கொண்டார் என்ற இரண்டு கேள்விகளுக்கு மாணவர் விடை எழுதட்டும். மேன்சனில் தொடங்கலாம்.

எங்கள் தோட்டம் இப்போது

அந்தத் தந்தையும் தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரும் சொன்னபடி, கோடையில் மண்ணைக் கிளறிக் காயவிட்டோம். நோயுற்ற வேர்களை உரக்குழியில் போடாமல் காயவைத்து எரித்தோம். வேப்பம் புண்ணாக்கு இட்டோம். ஒரு பருவம் முழுவதும் செண்டுமல்லி நட்டோம். அதன் வேரில் நூற்புழுவுக்கு நஞ்சான வேதிப்பொருள் உண்டு. நான்கு பாத்திகள் தேறிவிட்டன. இரண்டில் முடிச்சு இன்னும் வருகிறது. ஒருமுறை பரவியதை முழுவதுமாக நீக்குவது எளிதல்ல.

கோடை விடுமுறை முடிந்து வந்ததும் அந்த மாணவர்களிடம், “போன வருஷம் நான் சொன்னது தப்பு. அவ கேட்டதுதான் சரி” என்று சொன்னேன். வகுப்பு ஒரு கணம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவன், “அப்போ அந்த முடிச்சுக்குள்ள என்ன சார் இருந்துச்சு?” என்று கேட்டான். அன்றைய வகுப்பு முழுவதும் அதிலேயே போனது. தவறை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று பயந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல்.

அந்த மாணவி இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறாள். முடிச்சு வரும் இரண்டு பாத்திகளில் ஒன்றில் ஆண்டுதோறும் ஒரு கத்தரிச் செடி நடுகிறோம். எட்டாம் வகுப்பில் ரைசோபியம் பாடம் வரும் வாரத்தில் அதைப் பிடுங்கி, பயறுச் செடியின் பக்கத்தில் வைத்து, மாணவர்களையே அறுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நான் எதுவும் சொல்வதில்லை.